மலைப்பாதையில் ஓட்டம்: போச்சம்பள்ளியிலிருந்து ஏலகிரிக்கு

போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் பக்கம் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ நிற்காமல் அரை மணி நேரம் ஓடப் பழகிவிட்டவர்களுக்கான அத்தியாயம் இது. அந்த அரை மணி நேரம் இன்னும் கைவராதவர்கள் முந்தைய அத்தியாயங்களை முடித்துவிட்டு வாருங்கள். மலை எங்கும் போய்விடாது.

மலை ஓட்டத்துக்கு நான் சொல்லும் விதி இரண்டுதான். ஏறும்போது வேகத்தை மூச்சிடம் விட்டுவிடுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முதல் சில மாதம் ஓடி ஏறுங்கள், பஸ்ஸில் இறங்குங்கள். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்.

எதற்கு மேலே போக வேண்டும்

ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில் ஏறத் தொடங்கி நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் காற்று மாறிவிடும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏலகிரி ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர் என்பதால் அடிவாரத்தில் சட்டையை நனைத்த புழுக்கம் மேலே அத்தனாவூரில் இருக்காது. கீழே சமவெளி விரியும். தென்னந்தோப்பும் ஏரியும் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கு இதெல்லாம் ஜன்னலில் வந்து போகிற காட்சி. ஓடிப் போகிறவர் ஒரே சமவெளியை ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் சிறிதாகப் பார்ப்பார். அந்த உயரம் முழுக்கத் தன் காலால் வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

மொத்தம் 14 வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரெல்லாம் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பாரியையும் பேகனையும் தாண்டிப் போகும் வாய்ப்பு வேறெந்த ஓட்டப் பாதையில் கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. வாரம் ஆறு நாள் லைனில் நின்று மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்குக் கொடுக்கிறவருக்கு, யாரும் டார்கெட் கேட்காத இரண்டு மணி நேரம் இது. அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

உயரம் உடம்பை என்ன செய்யும்

இவ்வளவு தெரிந்தால் போதும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 88 சதவீதம் அளவுக்கு இருக்கும். இந்தக் குறைவு உங்கள் காலில் பெரிதாகத் தெரியாது, தெரிவதெல்லாம் ஏற்றம்தான். ஓசூர்க்காரர்கள் ஏற்கெனவே 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இது பொருட்டே இல்லை.

ஊட்டி வேறு கதை. அது 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி டெமு 29 நிமிடம் 27 நொடியில் தங்கம் வென்றார். அப்போதைய உலக சாதனை, ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் வைத்திருந்த 27 நிமிடம் 39 நொடி. அதே கிளார்க் அன்றைக்கு ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கே அந்த உயரம் இப்படிச் செய்யும் என்றால், நாம் ஊட்டியில் முதல் நாளே வேகம் காட்டத் தேவையில்லை.

முதலில் உடம்பைக் காட்டுங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பிபி, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்த சொந்தம் உள்ளவர்கள் எல்லோரும் பயிற்சியைத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிபி, சர்க்கரை பார்க்க ஊழியர் வீட்டு வாசலுக்கே வரும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பார்க்க நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

ஊருக்குள்ளேயே எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் மட்டும் ஏற்றம். மீதி இரண்டு நாளும் வழக்கமான சமதள ஓட்டம்.

1. முதல் இரண்டு வாரம், ஏரிக்கரைச் சரிவு. பாரூர் ஏரிக்கரையோ உங்கள் ஊர் ஏரிக்கரையோ எதுவானாலும் சரி. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு சரிவில் சின்னச் சின்ன அடியாக ஓடி ஏறி, நடந்து இறங்குங்கள். ஆறு முறையில் தொடங்கிப் பத்து முறை வரை போகலாம்.

2. மூன்றாவது, நான்காவது வாரம், மலைக்கோயில். ஓசூரில் இருப்பவர்களுக்குச் சந்திரசூடேஸ்வரர் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. படியில் ஷூவோடு ஓடுவது முறையல்ல. வண்டிப் பாதையைப் பிடியுங்கள். பிரதோஷம், கிருத்திகை, தேர் நாட்களில் போகாதீர்கள்.

3. ஐந்தாவது, ஆறாவது வாரம், கோட்டை மலை. ராயக்கோட்டை அல்லது கிருஷ்ணகிரிக் கோட்டை. இங்கே ஓட்டம் கிடையாது, வேக நடை மட்டும். தொடையில் கை ஊன்றி ஏறப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்றைக்கு வேண்டாம். இருட்டு விழும் முன் கீழே வந்துவிடுங்கள்.

4. ஏழாவது, எட்டாவது வாரம், நேரத்தை நீட்டுவது. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம், ஓட்டமும் நடையும் கலந்து. போச்சம்பள்ளிச் சந்தைக்கு வண்டி வரத் தொடங்கும் முன் முடித்துவிட்டால் ரோடு உங்களுக்கு.

ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு வாரப் பயிற்சியை ஒரே வாரத்தில் அடைக்க முயன்றால் கெண்டைக்கால்தான் முதலில் மறுப்புத் தெரிவிக்கும்.

*ஷிப்ட் குறிப்பு:* நைட் ஷிப்ட் முடித்து அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். மலையில் விழுவதைவிடத் திரும்பும் வழியில் வண்டியில் கண் அசருவதுதான் பெரிய ஆபத்து. நைட் ஷிப்ட் வாரத்தில் சமதள ஓட்டம் மட்டும், அதுவும் தூங்கி எழுந்து மாலையில். ஏற்றத்தை மார்னிங் ஷிப்ட் வாரத்தின் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்துப் போவது

அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ. இந்தப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். அடிப்பாகம் தேய்ந்த ஷூ எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் நுனிக்கும் ஷூவுக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். புது ஷூவை மலையில் தொடங்கிவைக்காதீர்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

தோளில் ஆடாத சின்னப் பை, அதில் ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று, கடலை மிட்டாய், சார்ஜ் ஏற்றிய போன், இருநூறு ரூபாய், ஆதார் நகல், பிளாஸ்டர். மேலே போய் மாற்ற ஒரு பனியன். வியர்த்த துணியோடு மேலே உட்கார்ந்தால் டிசம்பர், ஜனவரியில் பல் தந்தியடிக்கும். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். கறுப்புச் சட்டை வண்டிக்காரர் கண்ணில் படாது. பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஷூவுக்கு அடுத்தபடி அதுதான் முக்கியம்.

தின்பண்டத்தைக் கவரில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடாதீர்கள். மலைப்பாதையில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் கவரின் சரசரப்பை நம்மைவிட நன்றாக அறியும்.

ஏறும் நாள்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஓட இடம் இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னலும் உண்டு. முடிந்தால் வார நாளில் போங்கள். தனியாக வேண்டாம், முதல் முறை மூன்று பேராவது சேர்ந்து போங்கள்.

1. முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. களியோ சோறோ, பழகியதைச் சாப்பிடுங்கள். பிரியாணியைத் திரும்பி வந்து சாப்பிடலாம்.

2. காலையில் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். காபி வழக்கம் என்றால் குடிக்கலாம்.

3. போச்சம்பள்ளியிலிருந்து மத்தூர், திருப்பத்தூர் வழியாகப் பொன்னேரி. வண்டியை அடிவாரத்தில் ஆள் இருக்கும் கடைப் பக்கம் கேட்டு நிறுத்துங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.

4. நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள். விடியற்காலை இருட்டு வண்டிக்காரருக்கும் ஆபத்து, கரடிக்கும் அதுவே நடமாடும் நேரம்.

5. முதல் பத்து நிமிடம் நடை மட்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

6. இனி ஓட்டம். அடி சின்னதாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். இடுப்பை மடித்துக் குனியாமல் கணுக்காலிலிருந்து உடம்பு முழுதும் லேசாக முன் சாயட்டும். பார்வை ஐந்தாறு மீட்டர் முன்னால். உச்சியை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம்.

7. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றானால் உடனே நடைக்கு மாறுங்கள். மூச்சு திரும்பியதும் ஓட்டம். ஆரம்பத்தில் வளைவுக்கு வளைவு பாதி ஓட்டம், பாதி நடை என்று போனாலே நல்ல வேகம்தான். மலை ஓட்டத்தில் உலக அளவில் ஜெயிக்கிறவர்களும் செங்குத்தில் நடக்கிறார்கள்.

8. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நாலைந்து வாய் தண்ணீர். தாகம் இல்லாமல் பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீரைக் குடிப்பதும் கெடுதல், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ்.

9. மேலே போனதும் சட்டென்று உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடந்து, பனியனை மாற்றிவிட்டு, பிறகு டிபன். தெம்பு மிச்சம் இருந்தால் புங்கனூர் ஏரியைச் சுற்றி ஒரு மெதுநடை.

10. திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி வண்டியை எடுங்கள். கிளம்பும் முன்பே பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வழியில் பைக் ஒன்று பக்கத்தில் நிற்கும். "ஏண்ணா, வண்டி நின்னுடுச்சா? ஏறிக்கோங்க, மேலே விட்டுடறேன்" என்பார். சும்மாதான் ஓடுகிறேன் என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், என்றைக்காவது கால் பிசகினால் அந்த மனிதர்தான் வண்டி கொடுக்கப் போகிறவர்.

வண்டிகளுக்கு நடுவே

எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓடுவது பொது விதி. மலைப்பாதையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. வலப்பக்கம் திரும்பும் மறைவான வளைவில் உள்பக்க ஓரத்தில் ஓடினால், இறங்கி வரும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். அப்படிப்பட்ட வளைவு வரும் முன்பே, இரண்டு பக்கமும் பார்த்து, வெளி ஓரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வளைந்து முடிந்ததும் திரும்ப வலப்பக்கம். பஸ்ஸோ லாரியோ வளைவில் திரும்பும்போது நின்றுவிடுங்கள், பின்சக்கரம் எங்கே வரும் என்று கணிக்காதீர்கள்.

காதில் ஹெட்செட் கூடாது. இதில் சலுகையே கிடையாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பைக் சத்தமில்லாமல் வரும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சத்தமே கிடையாது. ஓலா ஆலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது புதிய செய்தியல்ல.

இறக்கம்: அவசரமே வேண்டாம்

ஏறும்போது மூச்சு திணறுவதால் ஏற்றம்தான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூட்டைக் கேட்டால் வேறு பதில் வரும். ஏற்றத்தில் பாதம் தரையில் விழும் அதிர்ச்சி சமதளத்தைவிடக் குறைவு. இறக்கத்திலோ ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலையில்தான் தசை இழைகள் கிழிகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது தெரியும். பஸ்ஸில் இறங்கச் சொன்னது இதனால்தான்.

மூன்று நான்கு முறை ஏறிய பிறகு, கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் ஓடி இறங்கிப் பாருங்கள். அடுத்தடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். செய்முறை:

1. ஷூ கயிற்றை மேல் ஓட்டை வரை கோத்துக் கணுக்காலை இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சரிந்து நகம் கறுத்துப் போகாது.

2. அடி இன்னும் சின்னது, இன்னும் வேகமாக. முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியிருக்கட்டும்.

3. பயத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாதீர்கள். வேகம் கூடினால் அடியை மேலும் சுருக்குங்கள்; அல்லது நடங்கள்.

4. கை இரண்டும் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்திருக்கட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். விழாமல் இருப்பீர்கள்.

மறுநாள் வலியில் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்க வேண்டியிருந்தால் பரவாயில்லை, மூன்று நான்கு நாளில் சரியாகிவிடும். அதுவரை மெதுநடை போதும். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு திரும்ப ஓடாதீர்கள். வலியோடு சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை அழிந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி, அன்றே ஆஸ்பத்திரி.

நின்றுவிட வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டுவது: அங்கேயே உட்கார்ந்து 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூட வருகிறவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ வெயில் தாக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்த் தலை, கழுத்து, அக்குளில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது. தனி மரத்தடியில் ஒதுங்காமல் வரும் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளுங்கள். இளைப்பாற உட்காரும் முன் கல்லிடுக்கைப் பாருங்கள், பாம்பு இருக்கலாம்.

எங்கே ஓடக் கூடாது

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, சானமாவுக் காட்டுப் பாதைகள் பக்கத்தில்தானே இருக்கின்றன என்று தோன்றும். வேண்டாம். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும். நமக்கு நல்ல பருவம் என்று நான் சொன்ன அதே மாதங்கள். மனிதன் ஓடி யானையை மிஞ்ச முடியாது. அஞ்செட்டிக் காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றமும்கூட.

ஏலகிரியிலேயே சுவாமிமலைப் பக்கம் காட்டுக்குள் போக விரும்புகிறவர்கள் வனத்துறையின் வழியாகவே போங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. தீப்பிடிக்கும் கோடையில் அவற்றை மூடிவிடுவார்கள். அங்கே நடை மட்டும்தான், ஓட்டத்துக்குத் தார் ரோடே போதும்.

ஏலகிரிக்குப் பிறகு

ஏலகிரி சிரமமில்லாமல் கைவந்ததும் தர்மபுரி வத்தல்மலை. வண்டி நடமாட்டம் குறைவு, ஏற்றம் செங்குத்து. அடுத்து சேலத்திலிருந்து ஏற்காடு: 20 வளைவுகள், ஊர் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இதை ஒரே மூச்சில் ஏற நினைக்காமல் முதல் முறை பாதி வழியில் தொடங்குங்கள்.

ஊட்டிக்குப் போனால் முதல் இரண்டு நாள் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். மூன்றாம் நாள் வழக்கமான தூரத்தில் பாதி, வழக்கமான வேகத்தைவிட நன்றாகக் குறைத்து. தலைவலி, தூக்கமின்மை இருந்தால் இன்னொரு நாள் காத்திருங்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லடாக் மாரத்தான் ஆசை சிலருக்கு இருக்கும். 2012-இல் தொடங்கிய ஓட்டம் அது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாள் படுக்கையும் மெதுநடையும் மட்டும். ஓட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. கம்பெனியில் லீவு கேட்கும்போதே அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வருடம் லேவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.